டிரக் கேப் வாங்குவதற்கு முன்: என் கணக்கு நோட்டிலிருந்து

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். இங்கேதான், அரிசோனாவில் சாண்ட்லரில், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறார். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். புதுசாக டொயோட்டா டகோமா பிக்கப் டிரக் வாங்கியிருந்தார். "அண்ணே, பின்னாடி கேப் போடலாம்னு இருக்கேன், உங்களுது மாதிரியே. எது நல்லதுன்னு சொல்லுங்க. பிள்ளைங்க ரெண்டும் பின்னாடி மெத்தையில படுத்துக்கிட்டே வரட்டும். நாங்க முன்னாடி நிம்மதியா பேசிக்கிட்டுப் போகலாம்."

எந்த கேப் நல்லது என்று கேட்டால் நான் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். வீட்டில் இதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மற்றதெல்லாம் மறந்துபோச்சு. "அது மட்டும் வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் என்று போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. மூன்று வருடமாக ஒரு நோட்டில் கிறுக்கி வைத்திருக்கும் கணக்குகளோடு சேர்த்து அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கேப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பிக்கப் டிரக்கின் திறந்த பின்தொட்டி மேல் கவிழ்த்து வைக்கிற மூடி. பக்கத்தில் ஜன்னல், பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு. கிழக்கே கேப் என்பார்கள், மத்தியப் பகுதியில் டாப்பர், கலிஃபோர்னியாவில் கேம்பர் ஷெல், வடமேற்கில் கேனபி. பழைய வண்டி விளம்பரங்களில் தேடும்போது இந்த நான்கு பெயரையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி கண்ணில் படாது. ஊரில் அம்மாவுக்கு விளக்கிச் சொல்லப் பார்த்தேன். "குட்டியானைக்குத் தார்ப்பாய் போடுற மாதிரியா? அதுக்குள்ளயா பேத்தியைப் படுக்க வைக்கிற?" என்றார். ஏறக்குறைய அதேதான்.

எல்லோரும் முதலில் கேட்பது பொருளைப் பற்றி: ஃபைபர்கிளாஸா, அலுமினியமா, ஸ்டீலா, துணியா? நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு எண் இருக்கும். என் 2017 டகோமாவில் 1,120. பிறகு நாம் வாங்கி மாட்டுகிற கேப் அந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் கணக்கு: நான் 170, மகள் 55, ஃபைபர்கிளாஸ் கேப் 170, உள்ளே பலகைப் பெட்டிகள் 70, பத்து கேலன் தண்ணீர் 83, சின்ன ஃபிரிட்ஜும் பேட்டரியும் 80, அடுப்பு, சாப்பாடு, துணிமணி, ஜாக்கி, கருவிகள் எல்லாம் சேர்த்து 120. மொத்தம் 748. மிச்சம் 372. நிறைய இருக்கிறது போலத் தோன்றும். இதில் மனைவியும் மச்சானும் அவர்கள் பைகளும் ஏறினால் கணக்கு முடிந்தது. மேலே 150 பவுண்டுக்கு ஒரு கூரைக் கூடாரம் வாங்கலாம் என்ற ஆசையை நான் அன்றைக்கே விட்டேன்.

கூரைக் கூடாரம் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கேப் தயாரிப்பாளர் கூரை எடைக்கு இரண்டு எண் கொடுப்பார்: ஒன்று வண்டி ஓடும்போது தாங்குவது, மற்றது நிற்கும்போது தாங்குவது. நிற்கும்போது தாங்குவது எப்போதும் பெரிய எண். விற்பவர் அதைத்தான் சொல்வார். மலைப்பாதையில் குழியில் இறங்கி ஏறும்போது கூரையில் இருப்பது குதிக்கும். அப்போது வேலைக்கு ஆவது சின்ன எண்தான். கூடாரமும் அதில் படுக்கிற ஆட்களும் சேர்ந்த எடையை நிற்கும் எண்ணோடும், மடித்து வைத்த கூடாரத்தின் எடையை ஓடும் எண்ணோடும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது உயரம். நான் ஏமாந்தது இதில்தான்.

கேப்கள் பொதுவாக மூன்று உயரத்தில் வருகின்றன. டிரைவர் கூரைக்குச் சமமாக நிற்பது, அதைவிடக் கொஞ்சம் உயர்ந்தது, இன்னும் நன்றாக உயர்ந்தது. பார்க்க அழகானது முதல் வகை. காற்றும் அதிகம் தடுக்காது, நிலத்தடி பார்க்கிங்கிலும் இடிக்காது. நானும் அதைத்தான் வாங்கினேன். தொட்டித் தரையிலிருந்து கேப் கூரை வரை என் வண்டியில் 39 அங்குலம். யூடியூபில் எல்லோரும் செய்வதைப் பார்த்து நானும் ஒரு பலகை மேடை செய்தேன்: 11 அங்குல உயரம், கீழே இழுப்பறைகள், மேலே 3 அங்குல மெத்தை. இரண்டு வார இறுதி போச்சு. முதல் நாள் படுத்தேன், பிரமாதம். காலையில் எழுந்து உட்காரப் பார்த்தேன், 'ணங்' என்று தலையில் இடி. கழித்துப் பார்த்தால் 39-ல் 14 போக 25. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து அளந்தால் என் உச்சந்தலை வரை 35 அரை அங்குலம். பத்து அங்குலம் குறைவு! படுத்தபடியே சட்டை மாற்றுவதும், படுத்தபடியே காபி குடிப்பதும் வெளியில் மழை பெய்யும் ஒரு நாளில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேடையைப் பிரித்தேன். தரையிலேயே மெத்தை போட்டால் 36 அங்குலம். அரை அங்குலம் மிச்சம், முடி மட்டும் கூரையில் உரசும். ஆனால் அதற்கு விலை அகலத்தில் கொடுக்க வேண்டும். டகோமாவில் இரு சக்கர வளைவுகளுக்கு நடுவே சுமார் 41 அரை அங்குலம்தான். அதற்கு மேலே 56 வரை விரியும். மேடை போடுகிறவர்கள் சாமான் வைக்க மட்டும் போடுவதில்லை, இந்த அகலத்துக்காகவும்தான். பெரியவர் இருவர் படுக்க வேண்டுமென்றால் மேடை வேண்டும், மேடை போட்டால் உட்கார உயர்ந்த கேப் வேண்டும். நானும் ஒன்பது வயது மகளும் என்றால் தரையே போதும். சக்கர வளைவுகளை ஒட்டி இரண்டு பக்கமும் ஏழு அங்குலத்தில் நீளப் பெட்டிகள் செய்து சாமானை அதில் போட்டுவிட்டேன்.

ஃபோர்டு எஃப்-150 போன்ற முழு அளவு டிரக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். அவற்றில் சக்கர வளைவுகளுக்கு நடுவே நாலடி அகலப் பலகை படுக்கையாகவே இறங்கும்.

நீளம் பற்றி ஒரு வரி: டகோமாவில் தொட்டி இரண்டு நீளம், ஏறக்குறைய 60 அங்குலமும் 73 அங்குலமும். ஐந்தடித் தொட்டியில் ஒருவர் மூலைக்கு மூலை சாய்வாகப் படுக்கலாம், இருவர் படுக்க முடியாது. டெயில்கேட்டை இறக்கி அதன் மேல் காலை நீட்டலாம்தான், ஆனால் கேப் கதவை மூட முடியாது. கொசுவலை கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது பொருளுக்கு வருவோம். லியர், ஏ.ஆர்.இ., ஸ்னக்டாப் போன்றவர்கள் செய்யும் ஃபைபர்கிளாஸ் கேப்கள் வண்டியின் நிறத்திலேயே வரும், ஒரே வார்ப்பு, ஒழுக்கு குறைவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் ஸ்மார்ட்கேப் ஸ்டீல் தகடுகளாக வந்து நட்டு போல்ட்டில் சேருவது, ஆலு-கேப் அலுமினியம். இவை இரண்டும் கூரையில் அதிக எடை தாங்கும், மரக்கிளை உரசினால் விரிசல் விடாமல் நசுங்கும், விலையும் அதற்கேற்றபடி. சாஃப்டாப்பர் போன்ற துணி கேப்கள் இரண்டே நிமிடத்தில் மடிந்துவிடும், எடையே இல்லை, விலை மலிவு. ஆனால் கத்தி வைத்திருப்பவனும் நகம் வைத்திருக்கும் கரடியும் சாவி கேட்க மாட்டார்கள். அரிசோனாக் காடுகளில் கருங்கரடி உண்டு.

இந்த விஷயத்தில் எங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு வாதம்: "ஃபைபர்கிளாஸ் குளிரை உள்ளே விடாது, அலுமினியம் ஐஸ் பெட்டி." எனக்கும் இது நியாயமாகத்தான் பட்டது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது ஃபைபர்கிளாஸைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். ஆனால் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மெல்லிய சுவர் வழியாக வெப்பம் வெளியே போகும்போது சுவர் மட்டும் தடுப்பதில்லை. உள்பக்கமும் வெளிப்பக்கமும் சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களும் தடுக்கின்றன. கட்டடக் கணக்குகளில் அந்த இரண்டு படலங்களுக்கும் சேர்த்துப் போடும் தடை சுமார் 0.17. மூன்று மில்லிமீட்டர் ஃபைபர்கிளாஸ் அதோடு சேர்ப்பது 0.01 அளவு. ஆறு சதவீதம்! அலுமினியம் அந்த ஆறையும் சேர்க்காது, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே கம்பளம் போன்ற துணி ஒட்டிய கூரை இருக்கிறதா என்பது இதைவிடப் பெரிய விஷயம். அந்தத் துணிக்குள் அடைந்திருக்கும் காற்று கொஞ்சம் தடுக்கும். அதைவிட முக்கியமாக, கூரையில் கோக்கும் ஈரம் முகத்தில் சொட்டாமல் பிடித்து வைக்கும்.

ஈரம்தான் உண்மையான எதிரி. தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக ஒரு ராத்திரிக்கு 250 மில்லி தண்ணீருக்கு மேல் ஆவியாக விடுகிறார். இரண்டு பேர் என்றால் மணிக்கு அறுபது, எழுபது கிராம். என் கேபுக்குள் இருக்கும் காற்று மொத்தமே 2.6 கன மீட்டர். எங்கள் ஊர் மாதிரி வறண்ட இடத்தில், வெளியே இரண்டு டிகிரி குளிரில், கூரை நனையாமல் இருக்க வேண்டுமென்றால் அந்தக் காற்று மணிக்கு ஆறேழு முறை மாறியாக வேண்டும் என்று வந்தது கணக்கு. ஒரு ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தால் இது நடக்காது. எதிரெதிராக இரண்டு திறப்பு வேண்டும்.

அதனால் ஜன்னலைத் தேர்வு செய்யும்போது யோசியுங்கள். பக்கவாட்டில் முழுக் கதவு போல மேலே தூக்கும் ஜன்னல் சமையல் சாமான் எடுக்க மிக வசதி. ஆனால் அதில் பெரும்பாலும் கொசுவலை இருக்காது. ராத்திரி முழுக்கத் திறந்து வைக்க முடியாது. வலையோடு நகரும் ஜன்னலில் காற்று வரும், கை மட்டும்தான் நுழையும். ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று கேட்டு வாங்கலாம், கேட்டால் செய்து கொடுக்கிறார்கள். டிரைவர் கேபின் பக்கம் இருக்கும் முன் கண்ணாடி உள்ளே மடிந்து இறங்குவதாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே சேரும் அழுக்கைத் துடைக்க எந்தக் கையும் போகாது.

இனி தூசி. மொகயான் ரிம் மேலே, மலை விளிம்பை ஒட்டி 300ஆம் எண் காட்டுச் சாலை போகிறது. மண் சாலை. அருமையான இடம், ஏழாயிரம் அடிக்கு மேல், பைன் காடு, தேசியக் காட்டில் காசு கொடுக்காமல் தங்கலாம். முதல் முறை போய் இறங்கிப் பின்கதவைத் திறந்தால் மெத்தை, தலையணை, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே செம்மண் நிறம். ஜன்னல் எல்லாம் இறுக மூடித்தான் இருந்தது. காரணம் இதுதான்: ஓடுகிற டிரக்கின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரம் கிளப்பிய தூசி அங்கே சுழன்று, டெயில்கேட்டின் ஓரங்களில் இருக்கும் இடுக்கு வழியாக உள்ளே உறிஞ்சப்படுகிறது. டெயில்கேட்டைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன், முக்கால்வாசி குறைந்தது. முழுக்க நிற்கவில்லை.

அந்த மெத்தையை உதறும்போதுதான் எனக்கு உறைத்தது. தூசி வருகிற வழியில் வேறு எதுவும் வரலாமே? புகைக்குழாயும் அதே பின்பக்கத்தில்தானே இருக்கிறது?

தேடிப் படித்தேன். 1992-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் சியாட்டில் மருத்துவர்கள் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு நச்சுக்காக அவர்கள் சிகிச்சை கொடுத்த 68 குழந்தைகளில் 20 பேர் பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் பயணம் செய்தவர்கள். அந்த இருபதில் 17 பேர் மூடிய கேபுக்குள் இருந்தவர்கள், 3 பேர் தார்ப்பாய்க்கு அடியில். பதினைந்து பேருக்கு நினைவு தப்பியிருக்கிறது. ஒரு குழந்தை இறந்துவிட்டது, ஒரு குழந்தைக்கு மூளைப் பாதிப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் அசந்து தூங்குவது போலத்தான் தெரியும். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இப்போதைய வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது, மோனாக்சைடு அந்தக் காலத்தைவிட மிகக் குறைவு. உண்மைதான். ஆனால் எஞ்சின் சூடாகும்வரை அது சரியாக வேலை செய்யாது, புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் சத்தம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். போதாததற்குப் பின்னால் பெல்ட்டும் கிடையாது. பிரேக் அடித்தால் மெத்தையோடு பிள்ளையும் முன்னால் வந்து மோதும். தம்பி, இதனால்தான் வேண்டாம் என்றேன். ஓடும்போது கேபுக்குள் சாமான் மட்டும்.

நிற்கும்போதும் இதே கதை வேறு உருவத்தில் வரும். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பது, கேபுக்குள் புரொப்பேன் ஹீட்டர் வைப்பது, மழை என்று உள்ளே அடுப்பு மூட்டுவது. 2.6 கன மீட்டர் காற்றில் இது எதுவும் ஆகாது. நல்ல தூக்கப்பை ஒன்று இந்த எல்லாவற்றையும்விட மலிவு. பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் அது கத்தும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: பத்து லட்சத்தில் 70 பங்கு என்ற அளவில் அது ஒன்றிலிருந்து நாலு மணி நேரம் வரை பொறுத்துத்தான் கத்தும். 400 என்றால் 4 முதல் 15 நிமிடத்தில். அது கடைசித் தடுப்பு, முதல் தடுப்பு அல்ல.

கடையில் யாரும் சொல்லாத இன்னொன்று, கதவு. கேபின் பின்கதவு வெளியிலிருந்து திறப்பதற்காகச் செய்தது. உள்ளே ஆள் இருப்பார் என்று அதற்குத் தெரியாது.

எங்கள் இரண்டாவது பயணம். குளிர் என்று டெயில்கேட்டை உள்ளிருந்து கயிற்றால் இழுத்து மூடிவிட்டு, மேல் கண்ணாடிக் கதவை மட்டும் தூக்கி வைத்துப் படுத்திருந்தோம். அந்தக் கதவைத் தாங்கி நிற்பவை இரண்டு வாயுக் குழல்கள். குளிரில் உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம் குறையும். என்னுடையவை பழசு வேறு. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு காற்று அடித்தது, கதவு தடாலென்று விழுந்து பூட்டிக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடியே இல்லை. பக்க ஜன்னலில் கை மட்டும்தான் போகும். போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் ஆள் இல்லை.

"அப்பா, நம்ம லாக் ஆயிட்டோமா?"

"இல்லடா, அப்பா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னேன். கை நடுங்கியது.

டார்ச் அடித்துப் பார்த்தால், வெளிக் கைப்பிடிக்கு நேர் உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் பிய்த்ததும் நடுவிலிருந்து இடமும் வலமும் இரண்டு கம்பிகள் ஓரத்துத் தாழ்ப்பாள்களுக்குப் போவது தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக நடுவை நோக்கி இழுத்தேன். திறந்துகொண்டது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஊருக்கு வந்த அடுத்த நாளே அந்தக் கம்பிகளில் ஒரு கயிற்று வளையம் கட்டினேன், புது வாயுக் குழல்கள் மாட்டினேன், அந்த வளையத்தை இழுத்துத் திறக்க மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனைவியிடம் இதைச் சொல்ல ஒரு வாரம் ஆச்சு. "ஏங்க, இதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி பாக்க மாட்டீங்களா?" என்றார். பதில் இல்லை. கடைக்குப் போனால் தயவுசெய்து உள்ளே ஏறி, நண்பரை வெளியிலிருந்து மூடச் சொல்லி, நீங்களே திறந்து வெளியே வாருங்கள். விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கடைசியாக, பழசு வாங்குவது பற்றி. புது ஃபைபர்கிளாஸ் கேப்புக்கு எனக்குச் சொன்ன விலை மூவாயிரம் டாலருக்கு மேல், காத்திருப்பு இரண்டு மாதம். பழசு 650-க்குக் கிடைத்தது. ஆனால் டிரக்கின் மாடல், தலைமுறை, தொட்டி நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். டகோமா என்ற பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. 2016 முதல் 2023 வரை ஒரு தலைமுறை, 2024-லிருந்து வேறு. மூலைகளில் மயிரிழை விரிசல், ஜன்னல் ஓரத்தில் நீர்க்கறை, சாவி இருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கையும் பாருங்கள். 1994 மாடலிலிருந்து இந்த ரக டிரக்குகளுக்கு அது சட்டப்படி கட்டாயம். டிரைவர் கேபினில் இருப்பதை கேப் மறைத்துவிடுவதால் கேப்பிலேயே ஒன்று இருக்கும், அதற்கு வயர் இழுத்துக் கொடுக்க வேண்டும். தூக்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொட்டி விளிம்பில் ஓட்டை போட வேண்டியதில்லை, நாலு முதல் ஆறு கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். நடுவில் புதுசாக ரப்பர் நுரைப் பட்டை ஒட்டுங்கள், பழசை நம்பாதீர்கள்.

நண்பர் போன சனிக்கிழமை மேசாவில் ஒன்றைப் பார்க்கப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அழகான கேப், வெள்ளை நிறம், வலை ஜன்னல், நானூறு டாலர். அவரே உள்ளே ஏறிப் படுத்து, கதவை மூடச் சொல்லி, கம்பியை இழுத்துத் திறந்து காட்டினார். விற்பவர் சிரிக்கத்தான் செய்தார். பிறகு டேப் எடுத்து அளந்தோம். கேப் ஆறடித் தொட்டிக்கானது, இவருடைய தொட்டி ஐந்தடி. திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டு வந்தோம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.